ஈகிள் க்ளா: ஒரு மீட்புத் தோல்வியும் அதிலிருந்து பிறந்த கூட்டுச் சிறப்புப் படைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980 ஏப்ரல் 24 இரவு, ஈரானின் தபஸ் நகருக்கு அருகே உள்ள பாலைவனத்தில் அமெரிக்காவின் மீட்பு முயற்சி ஒன்று பாதியிலேயே முறிந்தது. எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனாலும் எட்டு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இன்றைய அமெரிக்கச் சிறப்புப் படைகளின் அமைப்பு, பணம், பயிற்சி என்று எதைத் தொட்டாலும் பேச்சு அந்த இரவில் போய்த்தான் நிற்கும். இதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

யாரை மீட்கப் போனார்கள்?

1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் கூட்டமாகப் புகுந்து, உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சிலர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். 52 பேர் கடைசி வரை பணயக் கைதிகளாகவே இருந்தார்கள். பேச்சுவார்த்தைகள் இழுத்துக்கொண்டே போனதால், அதிபர் ஜிம்மி கார்ட்டர் ராணுவ மீட்புக்குச் சம்மதித்தார். அந்த நடவடிக்கையின் பெயர்தான் ஈகிள் க்ளா, அதாவது கழுகின் நகம்.

திட்டம் என்ன?

இரண்டு இரவுகளில் முடியும் திட்டம் அது. முதல் இரவு, அரபிக்கடலில் நின்ற நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து எட்டு ஆர்ஹெச்-53டி ஹெலிகாப்டர்கள் கிளம்பும். ஓமானின் மசீரா தீவிலிருந்து ஆறு சி-130 சரக்கு விமானங்கள் வரும். அவற்றில் மூன்றில் தரைப்படையின் பயங்கரவாத எதிர்ப்புப் படையான டெல்டா படையினரும் மற்றவர்களும் இருப்பார்கள். மற்ற மூன்றில் பெரிய ரப்பர் பைகளில் எரிபொருள் இருக்கும். இரு தரப்பும் 'டெசர்ட் ஒன்' என்று பெயரிட்ட பாலைவனத் திடலில் சந்திக்க வேண்டும். ஹெலிகாப்டர்கள் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, டெல்டா வீரர்களை ஏற்றி, விடிவதற்குள் தெஹ்ரானுக்கு அருகே மலைப்பகுதியில் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாம் இரவு, முன்கூட்டியே ஊருக்குள் போயிருந்த ஆட்கள் ஏற்பாடு செய்த லாரிகளில் வீரர்கள் நகருக்குள் நுழைந்து தூதரகத்தைத் தாக்குவார்கள். எதிரே இருந்த கால்பந்து மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கி எல்லோரையும் தூக்கிக்கொள்ளும். அதே நேரம் தரைப்படையின் ரேஞ்சர் படையினர் மன்சாரியே விமானத்தளத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து பெரிய ஜெட் விமானங்களில் வெளியேற்றம்.

படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது அல்லவா? ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே போய்விடும். அறுந்தது முதல் கண்ணிதான்.

அந்த இரவில் உண்மையில் என்ன நடந்தது?

கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு ஹெலிகாப்டரில் சுழலும் இறக்கையில் விரிசல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறக்கிப் பார்த்து அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அதன் ஆட்களை இன்னொரு ஹெலிகாப்டர் ஏற்றிக்கொண்டது. அப்புறம் புழுதி. மணல் காற்று அல்ல, மாவு போன்ற நுண்துகள் காற்றில் மேகமாகத் தொங்கும் 'ஹபூப்'. அதற்குள் எதுவும் தெரியவில்லை. கருவிகள் பழுதான ஒரு ஹெலிகாப்டர் கப்பலுக்கே திரும்பிவிட்டது. மிச்சம் ஆறு. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியானது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக, வந்து சேர்ந்தன. வந்த ஆறில் ஒன்றில் ஹைட்ராலிக் பம்ப் செத்திருந்தது.

இதற்கிடையே டெசர்ட் ஒன்னில் ஒரு கூத்து. ஆளரவம் இல்லாத இடம் என்று நம்பித் தேர்ந்த அந்தத் திடலின் குறுக்கே ஒரு சாலை போகிறது. விமானங்கள் இறங்கிய சற்று நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு பேருந்து வந்தது, மடக்கினார்கள். பின்னாலேயே ஓர் எரிபொருள் லாரி வந்தது. நிற்காததால் ராக்கெட்டால் அடித்தார்கள். அது பாலைவனத்துக்கே தீபம் ஏற்றியதுபோல் கொழுந்துவிட்டு எரிந்தது. லாரி ஓட்டுநர் பின்னால் வந்த இன்னொரு வண்டியில் தாவித் தப்பிவிட்டார்.

மேலே போகக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர் வேண்டும் என்பது முன்பே முடிவான கணக்கு. கையில் இருந்தவை ஐந்து. டெல்டாவின் தளபதி கர்னல் சார்லஸ் பெக்வித் முடியாது என்றார். செய்தி வாஷிங்டன் வரை போய், கார்ட்டர் கைவிடச் சம்மதித்தார். திரும்பிப் போகும் ஏற்பாட்டில், ஒரு ஹெலிகாப்டர் இடம் மாறுவதற்காகக் கொஞ்சம் எழும்பியது. கிளம்பிய புழுதியில் விமானி திசை தவறி, எரிபொருள் நிரம்பிய சி-130 மீது மோதினார். விமானப் படையினர் ஐந்து பேர், கடலிலிருந்து போய்த் தரையில் சண்டையிடும் படையான மரீன்கள் மூன்று பேர் இறந்தார்கள். மிச்சமிருந்த ஹெலிகாப்டர்களை அப்படியே போட்டுவிட்டு, எல்லோரும் சி-130களில் ஏறி வெளியேறினார்கள். கைவிடப்பட்ட ஹெலிகாப்டர்களில் ரகசியத் தாள்களும் இருந்தன. அவை ஈரான் கைக்குப் போயின.

அப்படியானால் புழுதிப் புயலும் பழுதும்தானே காரணம்? இதில் அமைப்பின் குற்றம் எங்கே வந்தது?

ஈரானிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த மணல் இறைவனின் ஏவலாள் என்பது அப்போதைய ஈரான் தலைவர் கோமெய்னி சொன்ன கருத்து. ஆனால் நடந்ததைக் கிட்டே போய்ப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை. கடற்கண்ணிகளை அகற்றுவதற்கானவை. தூரம் பறக்கும், கப்பலுக்குள் மடக்கி வைக்கலாம், கப்பலில் அவற்றைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால் தேர்ந்தார்கள். அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரீன்கள். அவர்களுக்கு அந்த ஹெலிகாப்டரும் புதிது, இரவில் தரையை ஒட்டி நெடுந்தூரம் பறக்கும் வேலையும் புதிது. இதே குடும்பத்து ஹெலிகாப்டர்களில் இந்த மாதிரி வேலை பழகிய விமானிகள் விமானப் படையில் நூற்றுக்கும் மேல் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு படைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற பந்திக் கணக்குதான் அதற்குக் காரணமோ என்ற சந்தேகம் இன்றும் பேச்சில் உண்டு.

விரிசல் எச்சரிக்கை விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மரீன்கள் ஓட்டிப் பழகிய ஹெலிகாப்டரில் அந்த விளக்கு எரிந்தால் இறங்கிவிட வேண்டும், அது உயிர் விஷயம். கடற்படையின் இந்த வகையிலோ அப்படி உண்மையான விரிசல் வந்ததாக அதற்கு முன் பதிவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஒருவரின் இயந்திரத்தை இன்னொருவரின் பழக்கத்தோடு ஓட்டியதால் முதல் ஹெலிகாப்டர் போனது.

புழுதியும் அப்படித்தான். அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட புழுதி மேகம் வரலாம் என்பது வானிலைக் குறிப்பில் எழுதியே இருந்தது. விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று வானிலைக்காரர்களையும் விமானிகளையும் நேருக்கு நேர் பேசவே விடவில்லை, நடுவில் ஓர் உளவு அதிகாரி தூது போனார். முன்னால் பறந்த சி-130கள் அதே புழுதியைக் கடந்து தெளிந்த வானத்துக்கு வந்துவிட்டன. அந்தச் செய்தியும் ஹெலிகாப்டர்களுக்குப் போகவில்லை. திரும்பிப் போன ஹெலிகாப்டரின் விமானிக்கு, டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவாக இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொடர்ந்து போயிருப்பார். வானொலி மௌனம் காக்க வேண்டும் என்பது கட்டளை. காத்தார்கள்.

ஒத்திகை பார்க்கவில்லையா?

பார்த்தார்கள், ஐந்து மாதம். ஆனால் துண்டு துண்டாக. ஹெலிகாப்டர்காரர்கள் அரிசோனாவில் யூமா பாலைவனத்தில். டெல்டா வேறு இடத்தில். விமானப் படையினர் வேறு இடத்தில். எல்லோரும் எல்லாக் கருவிகளோடும் ஒரே இடத்தில் கூடி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறைகூடச் செய்து பார்க்கவில்லை. தவில்காரர் ஓர் ஊரிலும் நாகசுரக்காரர் இன்னோர் ஊரிலுமாகச் சாதகம் செய்துவிட்டு நேரே கச்சேரி மேடையில் சந்தித்தது மாதிரி.

அதன் விளைவு அந்தத் திடலில் தெரிந்தது. விமான எஞ்சின்களின் இரைச்சல், புழுதி, இருட்டு. விமானங்களுக்கும் திடலுக்கும் பொறுப்பு கர்னல் ஜேம்ஸ் கைல். ஹெலிகாப்டர்களுக்கு லெப்டினன்ட் கர்னல் எட்வர்ட் சைஃபெர்ட். தரைப்படைக்கு பெக்வித். இவர்கள் எல்லோருக்கும் மேலான மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் வாட் எகிப்தில் இருந்தார். ஒருவர் ஓடி வந்து ஓர் உத்தரவு சொன்னால், சொல்வது யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்றே சிலருக்குத் தெரியவில்லை. அடையாளத்துக்கு ஒரு பட்டைகூடக் கட்டியிருக்கவில்லை.

ஐந்து ஹெலிகாப்டரோடு போயிருக்கலாமே? பெக்வித் பயந்துவிட்டாரா?

இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தோடு போவதென்றால் அந்த இடத்திலேயே இருபது பேர் அளவுக்கு ஆட்களைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த நாள் இன்னும் ஓரிரண்டு கிளம்ப மறுத்தால், தெஹ்ரானின் நடுவே 52 கைதிகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ஹெலிகாப்டர்கள் நடந்துகொண்ட லட்சணத்துக்கு அந்தக் கணக்கு நியாயமானதே.

கேட்க வேண்டியது வேறு. ஏன் எட்டோடு மட்டும் கிளம்பினார்கள்? பின்னால் ஆராய்ந்த குழு, கட்டுப்பாடு இல்லாமல் திட்டமிடும் எவரும் குறைந்தது பத்து, பழைய பழுதுக் கணக்கை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு கேட்டிருப்பார்கள் என்றது. நிமிட்ஸ் கப்பலில் இடமும் இருந்தது. எண்ணிக்கை கூடினால் ரகசியம் கசியும் என்ற அச்சம்தான் தடுத்தது.

ஆராய்ந்த குழு என்றால் யார்? வழக்கம்போல் பூசி மெழுகினார்களா?

ஓய்வு பெற்ற அட்மிரல் ஜேம்ஸ் ஹாலவே தலைமையில் ஆறு உயர் அதிகாரிகள். 1980 ஆகஸ்டில் அறிக்கை தந்தார்கள். 23 விஷயங்களைத் தனித்தனியாக எடுத்து அலசியிருந்தார்கள்.

அறிக்கை தனி ஆளைக் குற்றம் சாட்டவில்லை. திட்டமே முட்டாள்தனம் என்றும் சொல்லவில்லை. ஆபத்தானது என்றாலும் சாத்தியமானதுதான் என்றார்கள். இதைப் படித்துவிட்டுப் பூசி மெழுகல் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே அறிக்கை, ஏற்கெனவே இருந்த கட்டளை அமைப்பை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றையும் அவசரத்துக்குப் புதிதாகக் கட்டினார்கள், ஆளைத் தேடிப் பிடித்தார்கள், ரகசியத்தின் பேரில் ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கவே விடவில்லை என்று பட்டியல் போட்டது. திட்டத்தை எழுதியவர்களே அதைத் தாங்களே மதிப்பிட்டுச் சரி என்று சொல்லிக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு ஜோடிக் கண் பார்க்கவில்லை.

பயங்கரவாத எதிர்ப்புக்கு என்று நிரந்தரமான ஒரு கூட்டுப் படை வேண்டும், மூத்த அதிகாரிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும் என்பவை முக்கியப் பரிந்துரைகள். 'நிரந்தரமான' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தேவை வரும்போது கூட்டி, முடிந்ததும் கலைப்பதுதான் அதுவரை பழக்கம்.

உடனடியாக என்ன மாறியது?

ஏப்ரல் முறிவுக்குப் பிறகு கைதிகளை ஈரான் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டது. ஆனாலும் இரண்டாம் முயற்சிக்கான ஏற்பாடு தொடங்கியது. அதில் பிறந்தவைதான் நிலைத்தன.

தரைப்படையின் 101ஆம் வான்வழிப் பிரிவிலிருந்து ஹெலிகாப்டர்களையும் விமானிகளையும் எடுத்து, இரவில் தாழப் பறப்பதையே தொழிலாகப் பழக்கினார்கள். 1981 அக்டோபரில் அது 160ஆம் விமானப் பட்டாலியன் ஆனது. 'நைட் ஸ்டாக்கர்ஸ்' என்று இன்று அறியப்படும் படை அதுவே. அடுத்த முறை டெல்டாவை ஏற்றிப் போகிறவர் யாரோ புதியவராக இருக்க மாட்டார்.

கடற்படையில் ரிச்சர்ட் மார்சிங்கோ புதிய மீட்புக் குழு ஒன்றை அமைத்து அதற்கு சீல் டீம் சிக்ஸ் என்று பெயர் வைத்தார். சீல் என்பது கடற்படையின் சிறப்புப் படை. அப்போது இருந்தவை இரண்டே சீல் குழுக்கள். இன்னும் மூன்று எங்கே என்று சோவியத் உளவாளிகள் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்றுதான் ஆறு. ஏப்ரல் முயற்சிக்கு மூன்று வாரம் முன்பே சிறு விமானத்தில் ரகசியமாக டெசர்ட் ஒன்னுக்குப் போய் மண்ணைச் சோதித்து, தொலைவிலிருந்து இயக்கும் விளக்குகளைப் புதைத்து வந்தவர் விமானப் படையின் ஜான் கார்னி. அந்த இரவில் பிசகாமல் நடந்த ஒரு சில காரியங்களில் அது ஒன்று. அவருடைய சிறு குழுவும் பின்னர் நிரந்தரப் படைப்பிரிவாக வளர்ந்தது.

இவற்றை எல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவர 1980 டிசம்பரில் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராகில் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் தொடங்கியது. ஜேசாக் என்று சொல்வார்கள். முதல் தளபதி மேஜர் ஜெனரல் ரிச்சர்ட் ஷோல்டிஸ்.

எல்லாமே புத்திசாலித்தனமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். சி-130 விமானத்தைச் சுற்றி ராக்கெட்டுகளைப் பொருத்தி, தூதரகத்துக்கு எதிரே உள்ள மைதானத்திலேயே இறக்கி ஏற்றிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. 1980 அக்டோபர் 29 அன்று ஃபுளோரிடாவில் சோதித்தார்கள். இறங்கும்போது ராக்கெட்டுகள் நேரத்துக்கு முன்பே வெடித்துக் கிளம்பி, விமானம் தரையில் விழுந்து இறக்கை முறிந்தது. உள்ளே இருந்தவர்கள் உயிர் பிழைத்தது அதிசயம். அடுத்த சில நாட்களில் கார்ட்டர் தேர்தலில் தோற்றார். கைதிகள் 444ஆம் நாளான 1981 ஜனவரி 20 அன்று பேச்சுவார்த்தை வழியாகத்தான் விடுதலை ஆனார்கள்.

ஜேசாக் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது. அப்படித்தானே?

இல்லை. இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் பகுதி இதுதான்.

1983 அக்டோபரில் கிரெனடா. கரீபியனில் உள்ள குட்டித் தீவு, அதன்மீது அமெரிக்கா படையெடுத்தது. ஜேசாக்குக்கு முதல் பெரிய வேலை. படையெடுப்புக்கு முன்பே, கடலில் படகுகளோடு பாராசூட்டில் குதித்த சீல் வீரர்களில் நான்கு பேர் மூழ்கிப் போனார்கள். ரிச்மண்ட் ஹில் சிறையில் இருந்த அரசியல் கைதிகளை மீட்க ஹெலிகாப்டர்கள் இருட்டில் போயிருக்க வேண்டும். நேரம் தள்ளித் தள்ளிப் போய், நல்ல பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தன. கீழிருந்து சரமாரியாகச் சுட்டார்கள், மீட்பு நடக்கவில்லை. ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் விழுந்தது. தலைமை ஆளுநர் பால் ஸ்கூனை மீட்கப் போன சீல் குழு அவர் மாளிகைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மறுநாள் மரீன்கள் வந்துதான் எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். தரையில் இருந்த வீரர்களின் வானொலியில் கடலில் நின்ற கப்பல்களோடு நேரடியாகப் பேச முடியவில்லை.

மூன்றரை ஆண்டு கழித்து, வேறு நாட்டில், அதே நோய். காரணம் எளிது. ஜேசாக் இருந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தும் முடிவை எடுத்த மேல்மட்டத் தளபதிகளுக்குச் சிறப்புப் படை என்றால் என்ன, அதை எப்போது அனுப்பலாம், எப்போது அனுப்பக் கூடாது என்பது தெரியவில்லை. வெறுமனே நன்றாகச் சுடத் தெரிந்த காலாட்படை என்று நினைத்தார்கள். பணமும் பதவி உயர்வும் இன்னமும் அவரவர் தாய்ப்படையின் கையில். பட்ஜெட் இறுக்கினால் முதலில் வெட்டுப்படுவது சிறப்புப் படையின் கருவிகள்தான்.

பிறகு எப்படி மாறியது?

ராணுவம் தானாக மாறவில்லை. நாடாளுமன்றம் மாற்றியது. ஓய்வு பெற்ற ஷோல்டிஸ் 1986இல் செனட் குழு முன் மூடிய அறையில், கிரெனடாவில் தன் ஆட்களை எப்படித் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொன்னார். அதைக் கேட்டவர்கள் அசைந்து போனார்கள். அந்த ஆண்டு முப்படைகளின் கட்டளை அமைப்பையே மாற்றிய கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம் வந்தது. அதையொட்டி செனட்டர்கள் சாம் நன், வில்லியம் கோகன் இருவரும் கொண்டுவந்த திருத்தம் சிறப்புப் படைகளுக்குத் தனித் தலைமையகத்தைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்புத் துறையான பென்டகன் கடைசி வரை வேண்டாம் என்றுதான் சொன்னது.

1987 ஏப்ரல் 16 அன்று ஃபுளோரிடாவின் மெக்டில் தளத்தில் அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகமான சோகாம் செயல்படத் தொடங்கியது. டெசர்ட் ஒன் நடந்து ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். ஜேசாக்கும் மற்றப் படைகளின் சிறப்புப் பிரிவுகளும் அதன் கீழ் வந்தன.

அந்தச் சட்டத்தில் உயிர் எது என்று என்னைக் கேட்டால், 'மேஜர் ஃபோர்ஸ் புரோகிராம் 11' என்ற வறட்டுப் பெயர் கொண்ட பட்ஜெட் தலைப்பைத்தான் சொல்வேன். சிறப்புப் படைக்கு மட்டுமேயான தனிப் பணம். தனக்கு வேண்டிய ஹெலிகாப்டரை, வானொலியை, இரவுக் கண்ணாடியை இன்னொரு படையிடம் கையேந்தாமல் வாங்கலாம். வீரம், தியாகம் என்று நிறையப் பேசுவார்கள். தனிப் பையில் பணம் இல்லாமல் இதில் பாதி நடந்திருக்காது.

ஈரானுக்கு முன்பு மீட்பு முயற்சிகள் தோற்றதே இல்லையா? அப்போது ஏன் பாடம் கற்கவில்லை?

தோற்றன. 1970 நவம்பர் 21 அன்று, வட வியட்நாமின் சோன் டே முகாமில் இருந்த அமெரிக்கப் போர்க் கைதிகளை மீட்க 56 வீரர்கள் இறங்கினார்கள். பயிற்சி என்றால் அதுதான் பயிற்சி. மாதக்கணக்கில் ஒன்றாகவே பழகினார்கள். முகாமுக்குள் வேண்டுமென்றே ஒரு ஹெலிகாப்டரை மோதி இறக்கும் அளவுக்குத் துணிச்சல். தங்கள் பக்கம் ஓர் உயிர்கூடப் போகாமல் திரும்பினார்கள். ஒரே குறை, முகாமில் கைதிகள் இல்லை. நான்கு மாதம் முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஈரான் திட்டக்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. ஆனால் வேலை முடிந்ததும் அந்தக் கூட்டுப் படையைக் கலைத்துவிட்டார்கள். கற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 1975 மே மாதம், கம்போடியப் படை பிடித்த மாயாகெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை மீட்க கம்போடியாவின் கோ டாங் தீவில் மரீன்களை இறக்கியபோது, கப்பல் ஊழியர்கள் அந்தத் தீவிலேயே இல்லை. அந்த நடவடிக்கையில் செத்த அமெரிக்கர்கள் 41 பேர், காப்பாற்றப் போன ஊழியர்களைவிட அதிகம்.

மற்ற நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறதா?

மேற்கு ஜெர்மனியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிடிபட்ட இஸ்ரேலியர்களை மீட்க ஃபுர்ஸ்டென்ஃபெல்ட்புருக் விமானத்தளத்தில் காவல் துறை முயன்றது. பிடித்து வைத்திருந்தவர்கள் எட்டுப் பேர், குறிபார்த்துச் சுடப் போன காவலர்கள் ஐந்து பேர். அந்தக் காவலர்களும் அதற்கென்று பயின்றவர்கள் அல்ல, ஒருவரோடு ஒருவர் பேச வானொலியும் இல்லை. மொத்தம் பதினொரு இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். சில வாரங்களிலேயே உல்ரிக் வேகனர் தலைமையில் ஜிஎஸ்ஜி-9 என்ற மீட்புப் படை உருவானது. ஐந்து ஆண்டு கழித்து, 1977 அக்டோபரில், சோமாலியாவின் மொகதிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் புகுந்து உள்ளே இருந்த பயணிகள் அனைவரையும் அந்தப் படை மீட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவில் டெல்டா படை தொடங்கியது. ஒரு நாட்டின் தோல்வி இன்னொரு நாட்டின் படைக்கு விதை போட்டது.

எகிப்து இதற்கு நேர் எதிர். 1978இல் சைப்ரஸின் லார்னகாவில், பணயக் கைதிகளை மீட்க அந்த நாட்டின் அனுமதி இல்லாமலே கமாண்டோக்களை இறக்கி, சைப்ரஸ் காவலர்களோடே சண்டை போட்டுப் பதினைந்து பேரை இழந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகத் தயாரானார்களா? 1985 நவம்பரில் கடத்தப்பட்டு மால்டாவில் நின்ற ஈஜிப்ட்ஏர் விமானத்துக்குள் நுழைய வெடி வைத்தார்கள். தீயிலும் புகையிலும் குண்டுகளிலும் அறுபது பேர் அளவுக்கு இறந்தார்கள். அடிபட்டவன் எல்லாம் கற்றுக்கொள்வான் என்பது சரியில்லை.

இந்தியாவில்?

2008 மும்பைத் தாக்குதலின்போது தேசியப் பாதுகாப்புப் படை டெல்லி அருகே உள்ள மானேசரிலிருந்து வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. மீட்பில் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் தாமதத்தின் விலை பெரிது. மறு ஆண்டே மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையங்கள் வந்தன. அது உள்துறையின் படை. ராணுவத்தின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப் படையின் கருட் ஆகிய மூன்றையும் இணைக்கும் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு 2019இல்தான் அமைந்தது. அளவில் இன்னும் சிறியது.

டெசர்ட் ஒன்னின் பாடம் பிறகு எங்காவது பளிச்சென்று தெரிந்ததா?

2011 மே 2, பாகிஸ்தானின் அபோதாபாத். பின் லேடன் வீட்டுக்குப் போனவர்கள் சீல் டீம் சிக்ஸ் வீரர்கள், ஏற்றிப் போனவர்கள் நைட் ஸ்டாக்கர்ஸ். இரண்டுமே டெசர்ட் ஒன்னுக்குப் பிறகு பிறந்தவை. அதே அளவில் வீட்டின் மாதிரி கட்டி ஒன்றாக ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு ஹெலிகாப்டர்கள் வீட்டுக்கு, பின்னால் பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் காத்திருப்பில்.

போன உடனே முதல் ஹெலிகாப்டர் மதிலில் இடித்து முற்றத்தில் விழுந்தது. 1980ஆக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இங்கே ஆட்கள் இறங்கி வேலையைத் தொடர்ந்தார்கள், விழுந்ததை வெடி வைத்து அழித்தார்கள், காத்திருந்த சினூக் வந்து ஏற்றிக்கொண்டது. ஒன்று விழும் என்று கணக்குப் போட்டே கிளம்பியிருந்தார்கள்.

அப்படியானால் இனி மீட்பு முயற்சிகள் தோற்காதா?

தோற்கின்றன. 2014 ஜூலையில் சிரியாவில் ரக்கா அருகே, ஐஎஸ் பயங்கரவாதிகள் பிடித்து வைத்திருந்த அமெரிக்கர்களை மீட்க டெல்டா இறங்கியது. ஹெலிகாப்டர்கள் சரியாகப் போயின, வீரர்கள் சரியாக இறங்கினார்கள், வானொலிகள் பேசின. இடத்தில் கைதிகள் இல்லை, கொஞ்சம் முன்புதான் மாற்றியிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஏமனில் வீரர்கள் வளாகத்தை நெருங்கும்போதே, பிடித்து வைத்திருந்தவர்கள் இரு பணயக் கைதிகளையும் சுட்டுவிட்டார்கள்.

சோன் டேயில் இருந்த அதே சிக்கல்தான் இது. கூட்டுத் தலைமையகம், தனிப் பட்ஜெட், சேர்ந்து பழகிய விமானிகள் என்பதெல்லாம் வீரர்களைக் கதவு வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை உளவுதான் சொல்ல வேண்டும். அது நேற்று ராத்திரிச் செய்தியாக இருந்தால், உள்ளே வெறும் பாய்கள்தான் கிடக்கும்.